பித்தளையில் மூச்சை அளந்தவர்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளிலிட்டுச் சுமந்து செல்லும் காட்சியோடு தொடங்குகின்றது. அவர்கள் நாடிச் செல்லும் நன்னனின் செங்கண்மா, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் என்னும் பெயரோடு விளங்குகின்ற ஊரேயாகும். முழவு, ஆகுளி, கோடு, தூம்பு, குழல் என விரியும் அக்கருவிகளின் வரிசையில் பாண்டில் என்பதும் ஒன்று. கஞ்சதாளம் என்று உரைகாரர் விளக்கும் இக்கருவியைக் குறிக்கும்போது, புலவர் பெருங்கௌசிகனார் அது உருக்கித் தகடாக்கிச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிச் செல்கின்றார். கருவியின் ஒலியை மட்டுமன்றி, அதனைச் செய்த கையையும் அப்புலவர் கண்டிருக்கின்றார். இவ்வட்டாரத்தார் உலோகத்திலிருந்து இசையெழுப்பக் கற்றது நேற்று இன்றன்று.

இன்று திருவண்ணாமலைத் தெருக்களில் திருமண ஊர்வலம் ஒன்று செல்லுமாயின், அது நிக்காஹ் ஊர்வலமாயினும் பெண்ணழைப்பாயினும், முன்னே செல்வது பேண்டு வாத்தியக் குழுவே. அக்குழுவில் யானைத் துதிக்கைபோல் வளைந்து, உடல் முழுதும் பொத்தான்களும் மூடிகளுமாய் மின்னும் பித்தளைக் கருவியொன்றை யாவரும் கண்டிருப்பர். தவில் துணையோடு மணமேடையருகே தனிக்கச்சேரி செய்யும் தகுதியையும் அது பெற்றுவிட்டது. சாக்ஸபோன் என்னும் அதன் பெயரை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். அப்பெயரின் முற்பாதி ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. கையால் செய்த கருவி சிறந்ததா, இயந்திரம் செய்த கருவி சிறந்ததா என்று இன்றும் இசைவாணர்களிடையே நடக்கும் வழக்கு, அம்மனிதரின் வாழ்க்கையிலேயே, உண்மையாகவே நீதிமன்றப் படியேறி நடந்த வழக்காகும்.

அந்துவான் ஜோசப் அடால்ப் சாக்ஸ் 1814ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், இன்றைய பெல்ஜியம் நாட்டில் மியூஸ் ஆற்றங்கரையிலுள்ள தினான் என்னும் சிற்றூரில் பிறந்தார். நம் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் பெயர் பெற்றதுபோல், தினான் இடைக்காலம் தொட்டே செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். பிரெஞ்சு மொழியில் அவ்வகைப் பாத்திர வேலைக்கே அவ்வூரின் பெயர் வழங்குகின்றது. 1466இல் பர்கண்டிப் படைகள் அவ்வூரைச் சூறையாடிக் குடிமக்கள் பல நூற்றுவரை ஆற்றில் தள்ளி மூழ்கடித்தபோது, தப்பிய கன்னார்கள் அண்டை நாடுகளுக்குச் சிதறித் தம் தொழிலை அங்கெல்லாம் கொண்டு சென்றனர்.

தந்தை சார்லஸ் ஜோசப் சாக்ஸ் தச்சுத்தொழிலில் தொடங்கி, பின்னர் பிரஸ்ஸல்ஸ் நகரில் இசைக்கருவிப் பட்டறை நடத்தியவர். அடால்ப் குழந்தைப் பருவத்தில் மாடியிலிருந்து உருண்டார், ஊசியை விழுங்கினார், அமிலம் கலந்த நீரைப் பாலென்று குடித்தார், வெடிமருந்துத் தீயில் வெந்தார், ஆற்றில் மூழ்கி மீட்கப்பட்டார். இவன் வாழப் பிறந்தவனல்லன் என்று தாயே மனம் சோர்ந்ததாகவும், அண்டை அயலார் அவனைக் குட்டிப் பேய் என்று அழைத்ததாகவும் வரலாற்றாசிரியர் எழுதுவர். பட்டறையில் விளையாடும் பிள்ளைக்கு நேரும் விபத்துகள் இவை என்பதை, உலைக்களத்தருகே வளர்ந்தோர் எளிதில் உணர்வர்.

இளமையிலேயே அவர் கருவி செய்பவராகவும் வாசிப்பவராகவும் ஒருங்கே தேர்ந்தார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைவது அரிது. நம் நாட்டிலும் நாகசுவரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரி வேறு, அதனை வாசிக்கும் வித்துவான் வேறு. 1838இல் தாழ்சுருதிக் கிளாரினெட் ஒன்றைச் சீர்திருத்தி உரிமை பெற்றார். 1841இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அவருக்கு முதற்பரிசு முன்மொழியப்பட்டது. ஆனால் வயது போதாது என்று கூறி மேலிடத்தார் அடுத்த பரிசை நீட்டினர். அதனை அவர் ஏற்க மறுத்தார். மறு ஆண்டு, கையில் சொற்பப் பணத்தோடு பாரிஸ் சென்றார். இசைமேதை எக்டர் பெர்லியோஸ் 1842 சூனில் நாளிதழொன்றில் அவரைப் பாராட்டி எழுதிய கட்டுரை, பாரிஸ் நகரத்துக் கதவுகளை அவருக்குத் திறந்துவிட்டது; பகைவர்களின் கண்களையும் அதுவே திறந்துவிட்டது.

சாக்ஸ் கண்ட உண்மை யாது என்பதைச் சற்று விளக்கிச் சொல்லுதல் வேண்டும்; அவர் வாழ்வின் உயர்வும் வீழ்ச்சியும் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன.

அக்காலத்துப் பித்தளைக் கருவி, தகட்டை விசிறிபோல் வெட்டி, விளிம்புகளை வெண்காரமும் பொடியும் இட்டுப் பற்றவைத்து, இரும்பு உருளையின்மேல் பொருத்திக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உருவாக்கப்பட்டது. அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். இறுகியதைக் காய்ச்சித் தணித்து மீண்டும் அடித்தல் வேண்டும். குழலை வளைக்கும்போது அது நசுங்காதிருக்க உள்ளே ஈயமோ கீலோ உருக்கி வார்த்து, வளைத்தபின் அதனை உருக்கி வடித்துவிடுவர். ஒரு கைவினைஞன் செய்த இரண்டு கருவிகள்கூட முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒலியின் இனிமை பித்தளையின் தரத்திலும் அடித்த கையின் பக்குவத்திலும் இருப்பதாகவே தொழிலாளரும் வாசிப்போரும் நம்பினர்.

சாக்ஸ் இதனை மறுத்தார். கருவியின் குரலைத் தீர்மானிப்பது உலோகமன்று. அதனுள் அடைபட்டிருக்கும் காற்றுத்தூணின் அளவுகளே என்றார். குழல் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எந்த விகிதத்தில் விரிகின்றது என்பனவே குரலை ஆக்குகின்றன என்பது அவர் கொள்கை. இதனை மெய்ப்பிக்க அவர் வேறு சான்று தேடவேண்டியதில்லை. சாக்ஸபோனே சான்றாக நின்றது. கிளாரினெட்டுக்குரிய ஒற்றை நாணற்சீவாளியை எடுத்து, விரிந்துகொண்டே செல்லும் கூம்புவடிவப் பித்தளைக் குழலில் பொருத்தினார். கிளாரினெட்டின் குழல் ஒரே அகலமுடையதாதலின், மூச்சை அழுத்தினால் அதன் குரல் மேல்தாயியின் பஞ்சமத்துக்குத் தாவும். கூம்புக் குழலோ நேரே மேல்தாயிச் சட்சத்துக்கு ஏறும். நம் நாகசுவரத்தின் உலவும் அணசு நோக்கி விரியும் கூம்பேயாதலின், இவ்வியல்பு நமக்குப் புதிதன்று. தாள்சீவாளி உள்ள காரணத்தால் சாக்ஸபோனை மேனாட்டு இசைநூலார் மரக்கருவிகளோடு சேர்த்தெண்ணுவர் என்பது ஒரு வேடிக்கை, செய்வதெல்லாம் பித்தளையால்.

அவர் கொள்கை பெரும்பாலும் சரியென்பதைப் பிற்காலம் காட்டியது. 1950இல் இலண்டனில் கிராப்டன் என்னும் பெயரோடு பிளாஸ்டிக்கால் ஆன சாக்ஸபோன் விற்பனைக்கு வந்தது. ஜாஸ் இசையின் தலைமகனாகிய சார்லி பார்க்கர் 1953இல் டொராண்டோ நகர அரங்கில் வாசித்தது அத்தகைய ஒன்றையே.

பாரிஸில் பட்டறை அமைத்த சாக்ஸ், ஊதுகொம்புகளையும் இதே அளவு முறையில் சிறியது முதல் பெரியது வரை ஒரு குடும்பமாக அமைத்தார். சாக்ஸ்ஹார்ன் எனப் பெயர் பெற்ற அவற்றுக்கு 1843இல் உரிமை பெற்றார். பிரெஞ்சு இராணுவ வாத்தியக்குழுக்களின் நிலை இரங்கத்தக்கதாயிருந்த காலம் அது. எந்த அமைப்பு சிறந்தது என்பதைத் திறந்தவெளியிலேயே சோதித்துவிடுவதென அரசு முடிவு செய்தது. 1845 ஏப்ரல் 22ஆம் நாள், பாரிஸ் நகரின் ஷாம்ப் தெ மார்ஸ் திடலில், கராஃபா என்பாரின் பழைய முறை அணியும் சாக்ஸின் அணியும் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில் வாசித்தன. சாக்ஸ் அணியில் சிலர் வராமற்போயினர். எதிர் அணியைக் காட்டிலும் அவர் பக்கம் ஆட்கள் குறைவு. இருந்தும் மக்களின் ஆரவாரம் அவருக்கே கிட்டியது. அரசும் அவர் அமைப்பை ஏற்றது. 1846இல் சாக்ஸபோனுக்கு உரிமை பெற்றார்.

இங்கிருந்து தொடங்குவது இருபதாண்டுப் போராட்டம். பாரிஸ் கருவி உற்பத்தியாளர் ஒன்றுகூடி அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அக்கருவிகள் புதியன அல்ல, முன்பே பிறர் செய்தவை என்பது அவர்கள் வாதம். சாக்ஸும் போலி செய்தோர்மீது வழக்குத் தொடுத்தார். அவருள் முதன்மையானவர் பியர் லூயி கோத்ரோ.

இந்தக் கோத்ரோவைப் பற்றி ஒரு சொல். அவரும் எளிய மனிதரல்லர். 1855இல் பாரிஸுக்குக் கிழக்கே ஷாத்தோ தியெரி என்னும் ஊரில் நீராவி இயந்திரம் பூட்டிய பெருந்தொழிற்சாலையை நிறுவி, தொழிலைக் கூறுகூறாகப் பிரித்து, பல நூறு தொழிலாளரைக் கொண்டு கருவிகளைக் குவித்தவர். ஓர் ஆசாரி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கருவியைச் செய்வது அங்கில்லை. ஒருவர் குழல் வளைத்தார், ஒருவர் சாவி பொருத்தினார், ஒருவர் மெருகிட்டார். மலிவான அக்கருவிகள் கடல் கடந்தும் விற்றன. சிற்றூர் வாத்தியக்குழுக்களும் வாங்கத்தக்க விலையில் அவை கிடைத்தன என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. ஏழை எளியோர் கையில் பித்தளைக் கருவி ஏறியது இத்தகைய தொழிற்சாலைகளாலேயே.

சாக்ஸைக் கைவினையின் காவலராகவும் கோத்ரோவை இயந்திரத்தின் ஏவலராகவும் எதிரெதிரே நிறுத்திக் கதை சொல்வது எளிது. என் கருத்தில் அது பிழை. சாக்ஸின் பட்டறையும் பெரும் பட்டறையே. அங்கும் வேலை பகிர்ந்தே நடந்தது. அதனினும் முக்கியமானது மற்றொன்று. கருவியின் உயிர் கைப்பக்குவத்தில் இல்லை, அளவில் இருக்கின்றது என்று உலகுக்கு உரைத்தவரே அவர்தாம். கைப்பக்குவத்தை எவரும் திருட இயலாது. அளவை ஓர் அளவுகோல் கொண்டு எவரும் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு வேண்டியதும் அதுவே. அவருடைய அறிவே அவருடைய கருவியை இயந்திரத்தின் கையில் கொடுக்கத்தக்கதாக ஆக்கிற்று. நீதிமன்றங்களில் அவர் பலமுறை வென்றார். ஆனால் வழக்குச் செலவும் கடன் வட்டியும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

1848இல் பிரெஞ்சு மன்னராட்சி கவிழ்ந்தபோது இராணுவத்தின் ஆணையும் உடன் கவிழ்ந்தது. 1852இல் அவர் கடன் தீர்க்க இயலாதவராக அறிவிக்கப்பட்டார். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் மீண்டும் எழுந்தார்; அரண்மனைக் கருவியாளர் என்னும் பட்டமும், இராணுவ ஆணையும் திரும்ப வந்தன. அக்காலத்தே உதட்டில் புற்றுநோய்க் கட்டி தோன்றி, உணவு உட்கொள்ளவும் இயலாத நிலை ஏற்பட்டது. வாயால் ஊதிக் கருவியைச் சோதிப்பவருக்கு வேறு என்ன கேடு வேண்டும்! மூலிகை மருத்துவம் செய்த ஒருவரின் பராமரிப்பில் 1859ஆம் ஆண்டளவில் அவர் நலம் பெற்றார். 1857 முதல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் வகுப்பும் நடத்திவந்தார். 1870இல் பிரஷ்யாவோடு போர் மூண்டபோது அவ்வகுப்பு மூடப்பட்டது. அக்கல்லூரியில் அது மீண்டும் திறந்தது 1942இல்தான்.

சாக்ஸபோன் உரிமைக்கு நீட்டிப்புப் பெற்றும் 1866இல் அது காலாவதியாயிற்று. அதன்பின் எவரும் செய்யலாம். 1873இலும் 1877இலும் மீண்டும் கடனில் மூழ்கினார். பல்லாண்டுகளாகத் தேடிச் சேர்த்த பழங்கருவித் தொகுப்பு, 400க்கும் மேற்பட்டவை, 1877இல் ஏலத்துக்கு வந்தது. முதுமையில் பாரிஸ் ஓபரா அரங்கின் மேடை வாத்தியக்குழுவை நடத்திப் பிழைத்தார். இசைவாணர் சிலர் மன்றாடிப் பெற்றுத் தந்த சிறு ஓய்வூதியமும் துணையாயிற்று. 1894 பிப்ரவரியில் காலமானார். மோன்மார்த்ர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரால் நடந்த பட்டறையை, மகன் காலத்துக்குப்பின், 1929இல் செல்மர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. யூரோ வருவதற்கு முன் பெல்ஜியத்தின் 200 பிராங்க் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. கடனாளியாய் இறந்தவரின் முகம் பணத்தாளில்!

அவர் கருவிகள் நம் நாட்டுக்கு வந்த வழி வேறு. 1844இல் பாரிஸ் வந்த டிஸ்டின் என்னும் ஆங்கில இசைக்குடும்பத்தார் சாக்ஸ்ஹார்ன்களைக் கண்டு மயங்கி, அவற்றைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றனர். அங்கே சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் பித்தளை வாத்தியக்குழுக்கள் அமைத்தனர். பிரிட்டிஷ் இராணுவத்தோடு அவ்வாத்திய மரபு இந்தியாவுக்கு வந்தது.

ஊதுகொம்பு வரலாற்றில் இது ஒரு திரும்பு பயணம் என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். இடைக்கால ஐரோப்பியர் நீண்ட உலோக எக்காளத்தைக் கற்றது அரபு, துருக்கியப் படைகளிடமிருந்தே. அரபியில் நஃபீர் எனப்படும் அக்கருவி, ஸ்பானிய மொழியில் அன்யாஃபில் என்றே வழங்கியது. கிழக்கிலிருந்து மேற்குக்குச் சென்ற பித்தளை மூச்சு, சில நூற்றாண்டுகள் கழித்து, வளைந்தும் வால்வு பொருத்தப்பெற்றும் கிழக்கே திரும்பிற்று.

இராணுவ வாத்தியக்குழு ஒன்றின் தலைவராயிருந்த நாதிர் அலி என்பார் 1885இல் வட இந்தியாவின் மீரட் நகரில் தொடங்கிய நிறுவனம், முதலில் வெளிநாட்டுக் கருவிகளை விற்று, பின்னர் 1911 முதல் தானே செய்யத் தொடங்கியது. அந்நகரின் ஜாலி கோட்டிப் பகுதியில் இன்றும் பட்டறைகள் அடுத்தடுத்து இயங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்துவருவோருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். யூபோனியம், ட்ரம்பெட், பியூகிள் முதலியவற்றை அவர்கள் இன்றளவும் தகடு வெட்டி, பற்றவைத்து, தட்டி உருவாக்குகின்றனர். மீரட் பியூகிளுக்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. ஐரோப்பாவில் கையால் செய்த கருவி என்றால் விலை மிக்கது, செல்வர்க்குரியது. நம் நாட்டில் கையால் செய்தது என்றால் விலை குறைந்தது. இயந்திரம் செய்த அயல்நாட்டுக் கருவியே உயர்ந்தது. இங்கே மலிவாயிருப்பது கருவியன்று, கைவினைஞனின் உழைப்பு. பழைய மாதிரியைப் பார்த்துப் பார்த்தே செய்வதால் சுருதி சற்றுப் பிசகுவதுண்டு. வாசிப்போர் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அதனைச் சரிசெய்துகொள்கின்றனர். அவர்கள் கையில் திறன் குறைவில்லை. சாக்ஸ் வலியுறுத்திய அந்த அளவு அவர்கள் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் ஒலியியல் கற்போர் எவரேனும் ஜாலி கோட்டிக்கு ஒருமுறை சென்று வந்தால் நன்று.

இதற்கு மறுதலையான ஒன்றும் நடந்தது. மைசூர் அரண்மனை வாத்தியக்குழுவில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டு வியந்த இளைஞர் ஒருவர், நாகசுவரக் குடும்பத்தவர், அதனைக் கருநாடக இசைக்கு வசப்படுத்த முனைந்தார். அவரே கத்ரி கோபால்நாத். 1949இல் பிறந்து 2019இல் மறைந்தவர். 1994இல் வெளிவந்த டூயட் திரைப்படத்தின் வழியே தமிழகத்தின் பட்டிதொட்டியெல்லாம் அவர் வாசிப்பு பரவிற்று. மேனாட்டார் சுரங்களைத் தனித்தனிப் படிகளாக வைத்தே சாக்ஸபோனின் சாவிகளை அமைத்தனர். கமகம் படியன்று, சரிவு. ஆதலின் அவர் தொழிற்சாலையிலிருந்து வந்த கருவியில் சில மாற்றங்களைச் செய்து, அதனைத் தம் இசைக்கு வளைத்துக்கொண்டார். இயந்திரம் முடித்துக் கொடுத்ததைக் கை மீண்டும் தொடங்கிற்று.

திருவண்ணாமலையில் தீபத் திருவிழா முடிந்து முகூர்த்த மாதம் தொடங்கும் முன், வாத்தியக்காரர்கள் பழுது பார்க்கும் கடைகளுக்குத் தம் கருவிகளைக் கொண்டு வருவர். அப்படியொரு கடையின் வாயிலில் ஒரு முற்பகல் முழுதும் நின்று பார்த்திருக்கின்றேன். வளைந்த கழுத்துப் பகுதி ஒடுங்கியிருந்த சாக்ஸபோன் ஒன்று அங்கே வந்தது. இயந்திரம் செய்த அயல்நாட்டுக் கருவி. பழுது பார்ப்பவர் இரும்புக் கம்பியின் முனையில் பொருத்திய உருண்டையை உள்ளே செலுத்தி, வெளியே மெல்ல மெல்லத் தட்டி ஒடுக்கெடுத்தார். தோல் மூடிகளுள் மூன்றைப் பழைய செருப்புத் தோலிலிருந்து வட்டமாக வெட்டி ஒட்டினார். பின்னர் ஒவ்வொரு துளையையும் மூடி, வாயில் வைத்து ஊதி, எங்கே காற்றுக் கசிகின்றது என்று கன்னத்தருகே கையை வைத்துப் பார்த்தார். கருவிக்குரியவர் தெருவோரத்தில் தேநீர் அருந்திக்கொண்டு, மாலையில் போளூரில் ஊர்வலம் இருப்பதாக நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.